புதிய உச்ச நீதிமன்ற நீதிபதியின் அரசியலை எடைபோடுவது எப்படி?

நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியத்தின் தீர்மானம் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் ஏறிய கொஞ்ச நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் தீர்ப்பு வந்துவிடுகிறது. "இவர் அவங்க ஆளு." "இவர் பழைய தோழர்." "இவங்க அப்பா அந்தக் கட்சி." தீர்மானத்தைத் திறந்து படித்தவர்கள் அந்தக் குழுவில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். மறுபக்கம் இன்னொரு கூட்டம், "நீதிபதிக்கு ஏது அரசியல்? அதைப் பேசுவதே தப்பு" என்று கதவைச் சாத்துகிறது. இரண்டு பேச்சும் உதவாது. 25, 30 ஆண்டுகள் வழக்காடிய ஒரு மனிதருக்கு நாட்டைப் பற்றி ஒரு பார்வை இல்லாமல் இருக்காது. அந்தப் பார்வை நியமனத்தில் எந்த அளவுக்குக் கணக்கில் வர வேண்டும், எங்கே வரவே கூடாது, அதைச் சோதிக்க எந்தக் காகிதத்தைப் புரட்டுவது என்பதுதான் இங்கே விஷயம். சட்ட மாணவர்கள், ஜூனியர் வழக்கறிஞர்கள், நீதிமன்றச் செய்தியாளர்கள், ஒரு பெயர் அறிவிக்கப்பட்டால் நாமே பார்த்து முடிவுக்கு வரலாமே என்று நினைக்கிற வாசகர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

முதலில் பாதை

அரசியல் எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் எடைபோட முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 124(3) பிரிவு கேட்பது கொஞ்சம்தான்: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்; உயர் நீதிமன்ற நீதிபதியாக 5 ஆண்டுகள், அல்லது உயர் நீதிமன்ற வழக்கறிஞராக 10 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும், அல்லது குடியரசுத் தலைவர் கருத்தில் சிறந்த சட்ட அறிஞராக இருக்க வேண்டும். மூன்றாவது வழியில் இதுவரை யாரும் உச்ச நீதிமன்றத்துக்கு வரவில்லை. வழக்கறிஞராக இருந்து நேரடியாக வந்தவர்கள் மிகச் சிலர்; பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து போன கே.வி. விஸ்வநாதன் 2023இல் அப்படித்தான் நியமிக்கப்பட்டார். மற்றவர்கள் எல்லோரும் உயர் நீதிமன்றம் வழியாக வந்தவர்கள். ஆகவே அரசியல் வடிகட்டல் பெரும்பாலும் டெல்லியில் நடப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சென்னையிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ நடந்து முடிந்திருக்கும். உச்ச நீதிமன்றப் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியும் மூத்த 2 நீதிபதிகளும் பெயரைத் தொடங்கி வைக்கிறார்கள். மாநில அரசு கருத்துச் சொல்கிறது. உளவுத்துறையான ஐ.பி. அறிக்கை தருகிறது. பிறகு ஒன்றியச் சட்ட அமைச்சகம், உச்ச நீதிமன்றக் கொலீஜியம், மறுபடி அமைச்சகம், பிரதமர், குடியரசுத் தலைவர். உச்ச நீதிமன்ற நியமனத்துக்கு இந்திய தலைமை நீதிபதியும் அடுத்த மூத்த 4 நீதிபதிகளும் கூடி முடிவெடுக்கிறார்கள். அந்த நபர் வந்த உயர் நீதிமன்றத்தைச் சேர்ந்த மூத்த உச்ச நீதிமன்ற நீதிபதியின் கருத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். கொலீஜியத்தில் 2 பேர் எதிர்த்தால் அந்தப் பெயரை அனுப்பக் கூடாது என்று 1998இல் 9 நீதிபதிகள் அமர்வு சொன்னது. அரசு திருப்பி அனுப்பிய பெயரைக் கொலீஜியம் ஒருமனதாக மீண்டும் அனுப்பினால் நியமித்தே ஆக வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்புகளின் வழி வந்த விதி.

விதி அப்படி இருக்க, நடைமுறையில் அரசின் கையில் இருக்கிற பெரிய கருவி தாமதம். மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். கோப்பைச் சும்மா வைத்திருப்பதற்கு எழுத வேண்டியதில்லை. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்குக் கால அளவு வகுத்தது: ஐ.பி. அறிக்கைக்கு 4 முதல் 6 வாரம், மாநிலக் கருத்தும் ஐ.பி. அறிக்கையும் வந்த பிறகு ஒன்றிய அரசுக்கு 8 முதல் 12 வாரம், மீண்டும் அனுப்பிய பெயருக்கு 3 முதல் 4 வாரம். ஆகவே உங்கள் முதல் வேலை மிக எளிது. ஒரு தாளில் நான்கு தேதிகளை எழுதுங்கள்: முதல் பரிந்துரை, திருப்பி அனுப்பியது, மீண்டும் பரிந்துரைத்தது, நியமன அறிவிப்பு. தீர்மானத் தேதிகள் உச்ச நீதிமன்ற இணையதளத்திலும் நியமனத் தேதி சட்ட அமைச்சகத்தின் நீதித்துறை அறிவிப்பிலும் கிடைக்கும். 2017 அக்டோபரிலிருந்து கொலீஜியம் தீர்மானங்கள் வெளியிடப்படுகின்றன. சில காலகட்டங்களில் பெயர் மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது; அதற்காக விட்டுவிடாதீர்கள், தேதியே போதுமான அளவு பேசும்.

கே.எம். ஜோசப் நல்ல உதாரணம். 2016இல் உத்தராகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்த தலைமை நீதிபதி அவர். 2018 ஜனவரி 10இல் இந்து மல்ஹோத்ராவும் அவரும் ஒரே நேரத்தில் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஒருவர் ஏப்ரலில் பதவியேற்றார். ஜோசப் பெயர் திருப்பி அனுப்பப்பட்டது. மூப்பு வரிசை, அவருடைய உயர் நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே பிரதிநிதித்துவம் இருக்கிறது என்பவை அரசு சொன்ன காரணங்கள். ஜூலையில் கொலீஜியம் மீண்டும் அனுப்பி, ஆகஸ்டில் பதவியேற்றார். இடைப்பட்ட மாதங்களில் அவருடைய மூப்பு கீழே இறங்கிவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் யார் தலைமை நீதிபதி ஆவார், யார் கொலீஜியத்தில் உட்காருவார் என்பதை ஒரு சில வாரத் தாமதமே மாற்றிவிடும் என்பதால் இந்தத் தேதிகளை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் ஒரு கவனம்: தாமதத்தைக் கண்டதும் அரசியல்தான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அதே பட்டியலில் இருந்த மற்றப் பெயர்களின் தேதியோடு ஒப்பிட்டு, ஒருவருக்கு மட்டும் நேர்ந்திருந்தால்தான் அது கேள்வியாகிறது.

தகுதி வேறு, பொருத்தம் வேறு

இந்த இரண்டு சொல்லையும் குழப்பிக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஓடியவர்கள் தோற்றுத்தான் வந்திருக்கிறார்கள். தகுதி என்பது 124 (உச்ச நீதிமன்றம்) அல்லது 217ஆம் (உயர் நீதிமன்றம்) பிரிவு கேட்கிற குடியுரிமை, ஆண்டுக் கணக்கு, கலந்தாலோசனை நடந்ததா என்பது. இதை நீதிமன்றம் பார்க்கும். பொருத்தம் என்பது குணம், நேர்மை, மனப்பாங்கு, அரசியல் சாய்வு. இதை நீதிமன்றம் பார்க்காது. அது கலந்தாலோசிப்பவர்களின் வேலை. பா.ஜ.க. பொறுப்பில் இருந்த எல். விக்டோரியா கௌரி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டதை எதிர்த்த மனுவை 2023 பிப்ரவரி 7இல் சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய் அமர்வு இந்த அடிப்படையில்தான் தள்ளுபடி செய்தது. டெல்லியில் வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே சென்னையில் பதவிப் பிரமாணம் நடந்தது.

இதிலிருந்து கிடைக்கிற நடைமுறைப் பாடம்: அரசியலை எடைபோட வேண்டிய காலம் பரிந்துரைக்கு முன்பு. பரிந்துரைக்குப் பிறகு கிடைக்கிற அவகாசம் சில சமயம் 2 நாள்தான். கே.வி. விஸ்வநாதன், பிரசாந்த் குமார் மிஸ்ரா பெயர்கள் 2023 மே 16இல் பரிந்துரைக்கப்பட்டு, 18இல் அறிவிப்பு வந்து, 19இல் பதவியேற்பு முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 6இல் பரிந்துரைக்கப்பட்ட 3 பேர் 9ஆம் தேதி பதவியேற்றார்கள். கௌரி விஷயத்தில் எதிர்ப்புக் காகிதங்கள் பரிந்துரைக்குப் பிறகுதான் கொலீஜியத்தின் கவனத்துக்கு வந்தன. யார் பெயர் போகிறது என்பது பாருக்குள், அதாவது வழக்கறிஞர் வட்டத்துக்குள், மாதக்கணக்கில் முன்பே தெரிந்திருக்கும்; பேச வேண்டியவர்கள் அப்போது பேசாமல், அறிவிப்பு வந்த பிறகு மனுப் போடுவதில் பலன் இல்லை.

நான்கு பெட்டிகள்

"அரசியல்" என்று ஒரே சொல்லில் நாம் அடைத்து வைத்திருப்பதை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பார்வை, கட்சி, வக்காலத்து, கடன். ஒரு தகவல் கிடைத்தால் முதலில் அது எந்தப் பெட்டி என்று முடிவு செய்துவிட்டு மேலே போங்கள்.

வக்காலத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதைத்தான் உடனே குப்பைக்கு அனுப்ப வேண்டும். ஒரு தலைவருக்காகவோ, ஒரு கட்சிக்காகவோ, பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்டவருக்காகவோ ஆஜரானார் என்பது அவருடைய அரசியலுக்குச் சான்றல்ல. வழக்கமான கட்டணம் கொடுத்து வந்த வழக்கை ஏற்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. யு.யு. லலித் 2014இல் பாரிலிருந்து நேரடியாக நியமிக்கப்பட்டபோது அவர் அமித் ஷாவுக்கு ஆஜரானதைச் சிலர் பேசினார்கள். அதே லலித்தைத்தான் 2ஜி வழக்கில் சிறப்பு அரசு வழக்கறிஞராக உச்ச நீதிமன்றம் நியமித்திருந்தது. ஒரே விதிவிலக்கு: பல ஆண்டுகள் ஒரே கட்சியின் வழக்குகளை மட்டும், அதிலும் கட்டணம் இல்லாமல் நடத்தியிருந்தால் அந்தத் தகவலை வக்காலத்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்சிப் பெட்டியில் போடுங்கள்.

கட்சிப் பெட்டியில் கேட்க வேண்டியது மூன்று: என்ன பொறுப்பு, எப்போது விட்டார், விட்டதற்கும் பதவிக்கும் இடையே எவ்வளவு காலம். வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957இல் கேரளத்தின் இ.எம்.எஸ். அமைச்சரவையில் அமைச்சர். 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். கே.எஸ். ஹெக்டே காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினராக இருந்து 1957இல் மைசூர் உயர் நீதிமன்றத்துக்கு நேரே வந்தவர். இடைவெளி என்று சொல்ல எதுவும் இல்லை. பஹருல் இஸ்லாமும் அப்படியே: காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர், 1972இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம், 1980 மார்ச்சில் ஓய்வு பெற்று, அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டார்.

மூவருடைய கடந்த காலமும் ஒரே மாதிரித் தெரிகிறது. பின்னால் நடந்ததைப் பாருங்கள். ஹெக்டே 1973இல், அரசமைப்பைத் திருத்தும் நாடாளுமன்ற அதிகாரத்துக்கு வரம்பு விதித்த கேசவானந்த பாரதி வழக்கில் காங்கிரஸ் அரசுக்கு எதிரான பெரும்பான்மையில் நின்றார். மறுநாளே அவரைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட, ஹெக்டே பதவி விலகினார். கிருஷ்ணய்யர் 1975 ஜூன் 24இல் விடுமுறைக் கால நீதிபதியாக, தன் தேர்தல் வெற்றி செல்லாது என்ற தீர்ப்பை எதிர்த்த இந்திரா காந்தியின் மனுவை விசாரித்து, முழுத் தடை தர மறுத்தார்; பிரதமராகத் தொடரலாம், மக்களவையில் வாக்களிக்க முடியாது என்றார். பஹருல் இஸ்லாம் பீகார் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ராவுக்குச் சாதகமான 1982 தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்தார். 1983 ஜனவரியில், ஓய்வுக்குச் சில வாரங்களே இருக்கையில் விலகி, காங்கிரஸ் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். அதே ஆண்டு மீண்டும் மாநிலங்களவைக்குப் போனார்.

ஆக, கட்சியில் இருந்தார் என்ற ஒரே தகவலை வைத்து இந்த மூவரையும் பிரிக்க முடிந்திருக்காது. பிரிப்பது நான்காவது பெட்டி, கடன். இவருக்கு யாராவது ஏதாவது கொடுத்தார்களா, இன்னும் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறதா? அரசு வழக்கறிஞர் பதவி, ஆணையப் பொறுப்பு, தேர்தல் சீட்டு, குடும்பத்தினருக்கு நியமனம், ஓய்வுக்குப் பின் மறுபடி வேலை. பஹருல் இஸ்லாமின் 1980 நியமனமே ஒரு முறை ஓய்வு பெற்றவரை மீண்டும் அழைத்த நியமனம் என்பதை அப்போதே கவனித்திருக்கலாம். பார்வை ஒரு மனிதரின் சொந்தச் சொத்து. கடன் அடுத்தவரின் கையில் இருக்கிற கயிறு. நியமனத்தில் கனமாக எண்ண வேண்டியது கடனை. கட்சியை இடைவெளி பார்த்து எண்ணலாம். பார்வையை மிக லேசாக எண்ணினால் போதும். நடைமுறையில் இந்த வரிசையை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பதுதான் வருத்தம்.

தீர்ப்புகளைப் படிக்கும் முறை

உயர் நீதிமன்றத்திலிருந்து வருபவரைப் பற்றி ஊகிக்கவே வேண்டாம்; 10 ஆண்டுகளுக்கு மேல் எழுதிய தீர்ப்புகள் கிடக்கின்றன. உயர் நீதிமன்ற இணையதளங்களிலும் இந்தியன் கானூன் தளத்திலும் நீதிபதி பெயரால் தேடலாம். எல்லாவற்றையும் படிக்க முடியாது. 30 தீர்ப்புகள் எடுத்தால் ஒரு சித்திரம் கிடைக்கும். அரசு எதிர்த் தரப்பாக இருக்கும் ரிட் மனுக்கள் 10, ஜாமீன் 8, பேச்சுரிமை, பொதுக்கூட்ட அனுமதி, தடுப்புக்காவல் போன்றவை 6, பணியாளர் வழக்கு, நில எடுப்பு போன்ற சாதாரண வழக்குகள் 6. கடைசி வகையை விட்டுவிடாதீர்கள். கேமரா பார்க்காத வழக்கில் ஒரு நீதிபதி எப்படி நடந்துகொள்கிறார் என்பது அங்கேதான் தெரியும். மாநிலத்தில் ஒரு கட்சி, ஒன்றியத்தில் ஒரு கட்சி ஆண்ட காலத்தைச் சேர்ந்த வழக்குகள் இரண்டு பக்கமும் கலந்திருக்கட்டும்.

ஒவ்வொன்றிலும் தேட வேண்டியது ஒரே ஒரு விஷயம்: தன் பார்வைக்கு ஒவ்வாத முடிவைச் சட்டம் கேட்டபோது கொடுத்திருக்கிறாரா? தொழிலாளர் பக்கம் சாய்பவர் ஒரு நிர்வாகத்துக்குச் சாதகமாக, மரபில் பற்றுள்ளவர் ஒரு பகுத்தறிவாளருக்குச் சாதகமாக எழுதிய தீர்ப்பு ஒன்றிரண்டு கிடைத்தாலே அந்தப் பார்வை நீதிபதியின் கையைப் பிடித்து எழுதவில்லை என்று தெரிந்துவிடும். 30இல் ஒன்றுகூட இல்லையென்றால் இன்னும் 20 எடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் இல்லையென்றால் உங்கள் சந்தேகத்துக்கு எலும்பு முளைக்கிறது.

இந்த வேலையில் தவறு நேர்வது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

எண்ணிக்கை. "100இல் 70 வழக்கில் அரசுக்குச் சாதகம்" என்று கணக்குப் போடுவதில் அர்த்தம் இல்லை. நாட்டிலேயே அதிக வழக்கு நடத்துவது அரசுதான். அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே முடிவான சட்டக் கேள்விகளாக இருக்கும். மேலும் யாருக்கு எந்தவகை வழக்கு என்பதை ரோஸ்டர் என்ற வழக்கு ஒதுக்கீட்டுப் பட்டியல் தீர்மானிக்கிறது, ரோஸ்டரைத் தலைமை நீதிபதி போடுகிறார்.

சட்டத்தின் பூட்டு. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான ஊபாவின் 43டி(5), பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 45 போன்ற பிரிவுகள் ஜாமீனையே ஏறக்குறைய அடைத்து வைத்திருக்கின்றன. அங்கே மறுத்தவர் எல்லாம் அரசு சார்பு ஆகிவிட மாட்டார். அந்தப் பூட்டுக்குள்ளும் சாட்சியத்தைப் பிரித்துப் பார்த்தாரா, இல்லை குற்றப்பத்திரிகையை அப்படியே நகலெடுத்தாரா என்று பாருங்கள்.

எழுதியவர் யார். இருவர் அமர்வில் ஒருவர் எழுதுவார், மற்றவர் கையொப்பமிடுவார். தீர்ப்பின் தலைப்பில் "பெர்" என்று போட்டு யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் மேற்கோள் எடுக்கக் கூடாது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியிருந்தால் அதை முதலில் படியுங்கள். தனியாக நின்று எழுதியது என்பதால் அதில் மனிதர் தெளிவாகத் தெரிவார்.

வாய்வழிக் கருத்து. விசாரணையில் நீதிபதி கேட்கிற கேள்விகள் மறுநாள் தலைப்புச் செய்தியாகின்றன. வாதத்தைக் கிண்டுவதற்காகக் கேட்டதையெல்லாம் அவருடைய கருத்தாக எடுத்துக்கொண்டால் பாதி நீதிபதிகளை நாம் தவறாகவே படிப்போம். கையெழுத்திட்ட உத்தரவு மட்டும்தான் கணக்கு.

பாரிலிருந்து நேரடியாக வருபவருக்குத் தீர்ப்புகள் இல்லை. நீதிமன்றத்துக்கு உதவ அவர் நீதிமன்ற நண்பராக (அமிகஸ் கியூரி) நியமிக்கப்பட்ட வழக்குகளைத் தேடுங்கள். அங்கே வழக்குத் தரப்பினர் சொல்லித் தந்த நிலைப்பாடு இருக்காது. நியாயம் என்று அவர் நினைத்தது எழுத்தில் இருக்கும்.

பேச்சும் பதிவும்

2023 ஜனவரி 17ஆம் தேதிக் கொலீஜியம் தீர்மானத்தை யாரும் ஒரு முறை உட்கார்ந்து படிக்க வேண்டும். சென்னை வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யன் பெயரை அன்றைக்கு மீண்டும் வலியுறுத்தினார்கள். 2022 பிப்ரவரியில் பரிந்துரைக்கப்பட்டவர் அவர். ஐ.பி. சொன்ன குறை: பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்திருக்கிறார், மருத்துவக் கல்விக்கு இடம் கிடைக்காமல் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொண்டது பற்றி ஒரு பதிவு போட்டிருக்கிறார். நேர்மை பற்றிக் குறை எதுவும் இல்லை என்று அதே ஐ.பி. சொல்லியிருந்தது. இந்தப் பதிவுகள் அவருடைய பொருத்தத்தைப் பாதிக்காது என்ற கொலீஜியம், அன்று புதிதாகப் பரிந்துரைத்த பெயர்களுக்கு முன்னால் இவரை நியமிக்க வேண்டும் என்றும் எழுதியது. புதிய பெயர்களில் ஒன்று, பா.ஜ.க. மகளிர் அணிப் பொறுப்பில் இருந்த விக்டோரியா கௌரி. பிப்ரவரி 6இல் வந்த அறிவிப்பில் அவர் பெயர் இருந்தது. சத்யன் பெயர் இல்லை. மும்பையின் சோமசேகர் சுந்தரேசனுக்கும் சமூக ஊடகக் கருத்துகள்தான் தடையாகச் சொல்லப்பட்டன. திறமையும் நேர்மையும் இருக்கும்வரை கருத்துச் சொன்னதே ஒருவரைத் தகுதியிழக்கச் செய்யாது என்று கொலீஜியம் அப்போது எழுதியது. அவர் 2023 நவம்பரில் நியமிக்கப்பட்டார்.

இங்கேதான் நேர்மையாக இருப்பது கடினம். ஒரு எளிய சோதனை: பெயரையும் கட்சியையும் மாற்றிப் போடுங்கள். ஆளுங்கட்சியை விமர்சித்த பதிவுக்கு நீங்கள் சொன்ன சமாதானத்தை, எதிர்க்கட்சியை விமர்சித்த பதிவுக்கும் சொல்வீர்களா? ஒரு தேசியக் கட்சியின் பொறுப்பில் இருந்தவருக்கு எழுதிய எதிர்ப்பை, திராவிடக் கட்சியிலோ இடதுசாரிக் கட்சியிலோ பொறுப்பில் இருந்தவருக்கும் எழுதுவீர்களா? தமிழ்நாட்டில் கே. சந்துரு இடதுசாரி இயக்கத்திலிருந்து வந்து 2006இல் நீதிபதியானவர். அதை ஏற்றுக்கொண்ட நாம், கட்சிப் பின்னணி என்ற காரணத்துக்காக மட்டும் இன்னொருவரைத் தள்ள முடியாது. கௌரி வழக்கின்போது நீதிபதி கவாயும் தனக்கு அரசியல் பின்னணி உண்டு, அது தீர்ப்புக்குக் குறுக்கே வந்ததில்லை என்றார்.

ஆனால் இந்தச் சோதனையில் தப்பிக்காத ஒருவகைப் பேச்சு உண்டு. கொள்கையைப் பற்றியும் ஆட்சியைப் பற்றியும் பேசுவது ஒன்று. குடிமக்களில் ஒரு பிரிவினரைப் பிறப்பாலோ மதத்தாலோ சாதியாலோ தாழ்த்திப் பேசுவது இன்னொன்று. கௌரியை எதிர்த்தவர்கள் கட்சியைவிட இதைத்தான் முக்கியமாக முன்வைத்தார்கள்: சிறுபான்மையினர் பற்றிய சில பேட்டிகளும் ஒரு கட்டுரையும். "அச்சமும் ஒருபால் கோடலும் இன்றி, விருப்பு வெறுப்பு இன்றி" என்று பிரமாணம் எடுக்கப் போகிறவர் இவர். அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒரு சாதாரண ஆள் நாளை அவர் முன் மனுதாரராக நின்றால், அந்தப் பேச்சைப் படித்த பிறகும் நம்பிக்கையோடு நிற்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அது அரசியல் பார்வை என்ற கணக்கிலேயே வராது, குணக்குறை. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அதைக் கனமாகவே எண்ண வேண்டும். பேச்சின் தேதி, முழு ஒலிப்பதிவு அல்லது முழுக் கட்டுரை, பின்னால் மறுத்தாரா, வருந்தினாரா என்பவை இல்லாமல் மட்டும் இந்த முடிவுக்கு வரக் கூடாது. வெட்டி ஒட்டிய 20 நொடிக் காணொளி சான்றாகாது.

பார்வையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால்?

இந்தியாவில் இதை ஒளிவுமறைவில்லாமல் நாடாளுமன்றத்திலேயே வாதாடியவர் ஒரு தமிழர். சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த சுப்பராயனின் மகன், இங்கே அட்வகேட் ஜெனரலாக இருந்தவர், புதுச்சேரி எம்.பி., அப்போது உருக்குத் துறை அமைச்சர்: மோகன் குமாரமங்கலம். 1973 ஏப்ரல் 24இல் கேசவானந்த பாரதி தீர்ப்பு 7க்கு 6 என்று வந்தது. 25ஆம் தேதி ஷெலத், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதி என்று அறிவித்தார்கள். மூவரும் பெரும்பான்மைத் தரப்பு, ரே சிறுபான்மை. ஒரு நீதிபதியின் சமூகப் பார்வை என்ன என்பதை அரசு கணக்கில் எடுப்பது சரிதான் என்பது குமாரமங்கலத்தின் வாதம். அது முட்டாள்தனமான வாதமில்லை. நிலச் சீர்திருத்தம், வங்கி தேசியமயம், மன்னர் மானிய ஒழிப்பு என்று ஒவ்வொன்றும் நீதிமன்றத்தில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னாலும் ஒரு பார்வை இருந்தது என்று அவர் சொன்னதில் உண்மை உண்டு.

எங்கே உடைந்தது? பார்வையைக் கேட்பதாகச் சொல்லி, தீர்ப்புக்குப் பரிசும் தண்டனையும் கொடுத்தார்கள். நாள் கணக்கைப் பாருங்கள்: தீர்ப்புக்கு மறுநாள். மற்ற நீதிபதிகளுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி தத்துவம் பற்றியது அல்ல, பதவி உயர்வு பற்றியது. 1976 ஏப்ரல் 28இல் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில், நெருக்கடிநிலையில் சிறையில் இருப்பவர் உயிருரிமைக்காகக்கூட நீதிமன்றம் வர முடியாது என்று 4 பேர் எழுதினார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். 1977 ஜனவரியில் அவரும் தாண்டப்பட்டு எம்.எச். பெக் தலைமை நீதிபதியானார். இடதுசாரிப் பார்வைக்காகவே வரவேற்கப்பட்ட கிருஷ்ணய்யர், தன்னை நியமித்த அரசின் பிரதமருக்கே முழுத் தடை தர மறுத்ததும் இதே காலத்தில்தான்.

இதிலிருந்து எடுக்க வேண்டிய அளவுகோல்: பார்வையைக் கேட்கலாம், முடிவைக் கேட்கக் கூடாது. "மாநில உரிமை பற்றி அரசமைப்புச் சட்டத்தை எப்படி வாசிக்கிறீர்கள்?", "முன் தீர்ப்பை எப்போது விட்டு விலகலாம்?", "சட்டமன்றம் செய்யாததை நீதிமன்றம் எந்த அளவுக்குச் செய்யலாம்?" இவை நியாயமான கேள்விகள், பழைய எழுத்திலிருந்தே பதில் கிடைக்கும். "இடஒதுக்கீட்டு வழக்கில் என்ன தீர்ப்பு எழுதுவீர்கள்?" என்று கேட்டுப் பதில் வாங்கினால், அவர் அந்த வழக்கை விசாரிக்கும் தகுதியை அன்றைக்கே இழந்துவிட்டார். அமெரிக்க செனட்டில் பகிரங்கமாகக் கேட்கிறார்கள். 1987இல் ராபர்ட் போர்க் மனம்திறந்து பேசி 58க்கு 42 என்று நிராகரிக்கப்பட்ட பிறகு, அங்கே வருபவர்கள் எதற்கும் பதில் சொல்லாமல் தப்பிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஜெர்மனியின் முறை மேலானது: அரசமைப்பு நீதிமன்றத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், பதவிக்காலம் 12 ஆண்டு, மறுபடி நியமனம் கிடையாது. ஒரு கட்சி மட்டும் விரும்புகிற ஆள் அங்கே நுழைவது கடினம். கடன்பட்டவராக இருப்பதும் கடினம். இங்கே 2014இல் கொண்டுவந்த நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015 அக்டோபர் 16இல் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று ரத்து செய்துவிட்டது. கொலீஜியமே தொடர்கிறது, ஆகவே சோதனையை வெளியிலிருந்து நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

கிடைத்ததை என்ன செய்வது

வலுவான சான்று கையில் இருந்தால் இந்திய தலைமை நீதிபதிக்கும், சம்பந்தப்பட்ட உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கும் எழுத்தில் அனுப்பலாம். 3 பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியிலேயே எந்தப் பெட்டி என்று சொல்லிவிடுங்கள்: கட்சிப் பொறுப்பா, கடனா, ஒரு பிரிவினருக்கு எதிரான பேச்சா. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தேதியும் மூல ஆவணமும் இணைப்பில் இருக்க வேண்டும். பெயரில்லாத கடிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள். "பாரில் எல்லோருக்கும் தெரியும்" என்ற வரி இருந்தால் முழுக் கடிதமும் வீண். அவருடைய சாதி, மதம், உறவினர் பற்றிய வரிகளை அடித்துவிடுங்கள். உறவு என்பது கடன் பெட்டியில் வருகிற அளவுக்கு மட்டும், அதாவது பதவியில் இருக்கிற அல்லது இருந்த நீதிபதியோடு உறவா என்பதை மட்டும் எழுதலாம். 2022 நவம்பருக்குப் பிந்தைய உயர் நீதிமன்ற நியமனப் பரிந்துரைகளுக்கு இந்த உறவு விவரத்தை உச்ச நீதிமன்றமே 2025 மே மாதத்தில் வெளியிட்டது.

தகவல் உரிமைச் சட்டத்தில் கொலீஜியம் பேச்சைக் கேட்டு மனுப் போடுவதில் நேரம் போகும், பதில் வராது. தலைமை நீதிபதி அலுவலகம் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் சொன்ன உச்ச நீதிமன்றம், கூட்டத்தில் பேசியது வெளியே வராது, இறுதித் தீர்மானம் மட்டும்தான் என்று 2022 டிசம்பரில் தெளிவாக்கியது. கேட்க வேண்டியது தேதிகளை: கோப்பு எப்போது வந்தது, எப்போது போனது.

பொதுவெளியில் எழுதுபவர்கள் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முடிந்த வழக்கின் தீர்ப்பைப் பற்றிய நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது. "இந்தத் தீர்ப்பில் 43டி(5)ஐ இவர் வாசித்த முறை தவறு, காரணம் இது" என்று எழுதினால் பாதுகாப்பு உண்டு. "இவர் விலைபோனவர்" என்று எழுதினால் கிடையாது, சான்றும் இருக்காது.

நியமனம் முடிந்த பிறகும் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். பழைய கட்சியோ, வழக்கறிஞராக இருந்தபோது அவர் ஆஜரானவரோ நேரடித் தரப்பாக வரும் வழக்கில் விலகுகிறாரா, விலகாவிட்டால் உத்தரவில் காரணம் எழுதுகிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெறும் வயது 65. தேதி முன்கூட்டியே தெரியும். கடைசி 6 மாதத் தீர்ப்புகளில் ஆட்சியில் இருப்பவர்களுக்கு முக்கியமானவை எவை என்று தனியே எழுதி, அடுத்த 2 ஆண்டுகளில் அவர் ஏற்ற பதவிகளோடு சேர்த்து வையுங்கள். பி. சதாசிவம் 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்று அதே ஆண்டு செப்டம்பரில் கேரள ஆளுநர் ஆனார், ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வு, 2020 மார்ச்சில் மாநிலங்களவை, எஸ். அப்துல் நசீர் 2023 ஜனவரியில் ஓய்வு, பிப்ரவரியில் ஆந்திர ஆளுநராக அறிவிப்பு. முன்னாள் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ராவும் 1998இல் காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவைக்குப் போயிருக்கிறார். இந்த இடைவெளி மாதங்களைத் தாளின் கடைசி வரியாக எழுதுங்கள். அடுத்த பெயர் அறிவிக்கப்படும்போது ஒப்பிட உங்களிடம் ஒரு வரிசை இருக்கும்.